கடை பூட்டிக் கெடக்கு, இஎம்ஐ மட்டும் நிக்கல – சொந்தத் தொழில்காரங்களுக்கு இப்ப என்ன வழி இருக்கு?

சலூன்கடை_ராசிபுரம் | ஜூன் 16, 2021

வணக்கம்ங்க. ராசிபுரத்துல சலூன் வச்சிருக்கேன், ரெண்டு சேர், நானும் கூட ஒரு பையனும். ஏப்ரல் 26லேர்ந்து கடை பூட்டு. முந்தாநாள் 27 மாவட்டத்துல சலூன் தொறந்துக்கலாம்னு விட்டுட்டாங்க, நாமக்கல், சேலம், ஈரோடு, கோயமுத்தூர்னு எங்க 11 மாவட்டத்துக்கு மட்டும் இன்னும் இல்ல. இங்க கொரோனா கேஸ் கொறையல, எனக்கும் தெரியுது, எங்க தெருவுலயே ரெண்டு பேர் போயிட்டாங்க. அதனால ஏன் தொறக்க விடலன்னு கேக்க வரல. பூட்டச் சொன்னா பூட்டிக்கறோம், பூட்டியிருக்கற நாளுக்கு கடனுக்கும் வாடகைக்கும் என்ன பண்றதுன்னுதான் கேக்கறேன்.

என் நெலம இதான். 2019 மே மாசம் ரெண்டு லட்சம் முத்ரா லோன் எடுத்து கடைய புதுசாக்குனேன், அஞ்சு வருஷம், மாசம் 4,450. ஏப்ரல் வரைக்கும் கட்டிட்டேன், மே மாசம் அக்கவுண்ட்ல பணம் இல்லாம ஈசிஎஸ் (தானா தவணை புடிக்கறது) திரும்பிருச்சு, இந்த மாசமும் திரும்பும். வீட்டம்மா பேர்ல குழு லோன் ஒண்ணு, வாராவாரம் கட்டறது. கடை வாடகை 5,000, ஓனர் நல்ல மனுசன், பாதி குடுங்கன்னு சொல்லியிருக்கார். ரேசன்ல மே மாசம் 2,000 வாங்கினோம், இப்ப ரெண்டாவது 2,000மும் 14 மளிகைப் பொருளும் குடுக்கறாங்க, டோக்கன் வந்துருச்சு. அது சோத்துக்கு ஆச்சு, பொய் சொல்லக்கூடாது.

போன வருஷம் மாதிரி தவணைய தள்ளிவைக்கற மொராட்டோரியம் இந்த வருஷமும் இருக்காங்க? பேங்க்குல போன் எடுக்கறதில்ல. யூடியூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் இருக்குங்கறார் ஒருத்தர் இல்லங்கறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாட்டுத்தாவணி_ஆட்டோ | ஜூன் 16

அண்ணே அதே கதைதான் இங்கயும். பைனான்ஸ்காரன் வண்டிய தூக்கிருவேன்னு தெனம் போன் பண்றான். எங்களுக்கு தொறந்து விட்டும் சவாரி இல்ல, பஸ் ஓடுனாதான மாட்டுத்தாவணில சவாரி. பதில் தெரிஞ்சவங்க போடுங்க, நானும் பாத்துட்டே இருக்கேன்.

பழைய_மேனேஜர் | ஜூன் 16

நான் பொதுத்துறை வங்கில கிளை மேலாளரா இருந்து ஓய்வு பெற்றவன். ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

மொராட்டோரியம் இப்ப கிடையாது. போன வருஷம் ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்னைக்கு மூணு மாசம் குடுத்தது, அப்புறம் மே 22ல இன்னும் மூணு மாசம் நீட்டினாங்க, ஆகஸ்ட் 31, 2020ஓட முடிஞ்சுது. இந்த அலைக்கு அப்படி பொதுவான அறிவிப்பு எதுவும் வரல. போன வாரம் ஜூன் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுலயும் இது அரசும் ரிசர்வ் வங்கியும் முடிவெடுக்க வேண்டிய கொள்கை விஷயம்னு சொல்லி மனுவ ஏத்துக்கல. முதல்வர் ஸ்டாலின் மத்த மாநில முதல்வர்களுக்கு கடிதம் எழுதியிருக்கார், சிறு கடன்காரங்களுக்காக எல்லாருமா சேந்து மத்திய அரசுகிட்ட கேப்போம்னு. ஆனா அதை நம்பி நீங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது.

இப்ப இருக்கறது வேற. மே 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுது, ரீஸ்ட்ரக்சரிங் இரண்டாம் கட்டம்னு பேங்க்ல சொல்வாங்க. தனிநபர், தொழிலுக்காக கடன் வாங்கின தனிநபர், சின்ன வியாபாரி, குறுந்தொழில் எல்லாருக்கும் பொருந்தும். இதுக்கு முன்னாடி அந்தக் கடன் ரீஸ்ட்ரக்சர் ஆகியிருக்கக் கூடாது, மார்ச் 31, 2021 அன்னைக்கு கணக்கு ஸ்டாண்டர்டா இருந்திருக்கணும், அதாவது 90 நாளைக்கு மேல பாக்கி நின்னிருக்கக் கூடாது. ராசிபுரம் தம்பி ஏப்ரல் வரை கட்டியிருக்கார், அதனால தாராளமா தகுதி உண்டு. போன வருஷம் மொராட்டோரியம் எடுத்தது ரீஸ்ட்ரக்சரிங் கணக்குல வராது, அதப்பத்தி யாராச்சும் உங்கள பயமுறுத்தினா நம்பாதீங்க. தவணைய மாத்தியமைக்கலாம், கொஞ்ச மாசம் நிறுத்தி வைக்கலாம், கடன் காலத்தை நீட்டலாம், அதிகபட்சம் ரெண்டு வருஷம். செப்டம்பர் 30க்குள்ள இந்த ஏற்பாடு தொடங்கியாகணும்.

ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. போன வருஷ மொராட்டோரியம் நெறைய பேங்க்ல கேக்காமலே வந்துது, இது நீங்க கேட்டாதான் வரும். எழுத்துல கேளுங்க. விண்ணப்பம் வந்து 30 நாளைக்குள்ள முடிவ சொல்லணும்னு அந்த சுற்றறிக்கையிலயே இருக்கு. போன் எடுக்கலன்னா ஈமெயில் அனுப்புங்க, இல்லன்னா கிளைக்கு நேர்ல போய் ரெண்டு காப்பி குடுத்து ஒண்ணுல சீல் போட்டு வாங்குங்க. சீல் போட்ட காப்பி கையில இல்லாம கவுண்டர விட்டு நகராதீங்க.

ஆட்டோ தம்பி, உங்க பைனான்ஸ் கம்பெனி ரிசர்வ் வங்கில பதிவான என்பிஎஃப்சியா (வங்கி அல்லாத நிதி நிறுவனமா) இருந்தா அதுக்கும் இதே விதிதான்.

மாட்டுத்தாவணி_ஆட்டோ | ஜூன் 16

ரொம்ப நன்றி சார். இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலயே சார்.

சலூன்கடை_ராசிபுரம் | ஜூன் 17

சார் ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். போன வருஷம் ஆறு மாசம் எடுத்தேன், வட்டி தள்ளுபடின்னு டிவில எல்லாம் சொன்னாங்க, நவம்பர்ல பாத்தா அக்கவுண்ட்ல 266 ரூபா வந்துருந்துச்சு. அவ்ளோதானா? இப்ப மறுபடி எடுத்தா எனக்கு நல்லதா கெட்டதா?

பழைய_மேனேஜர் | ஜூன் 17

நல்ல கேள்வி. இத புரிஞ்சுக்காமதான் நெறைய பேர் கைய சுட்டுக்கிட்டாங்க.

உங்க கணக்கையே போட்டுப் பாப்போம். மார்ச் 2020ல பாக்கி சுமார் 1,75,000 இருந்திருக்கும், வட்டி 12 சதவீதம்னு வச்சா மாசத்துக்கு 1,750. ஆறு மாசத்துக்கு சாதா வட்டி 10,500. வட்டிக்கு வட்டி சேத்தா 10,766. வித்தியாசம் 266. அந்த வட்டிக்கு வட்டியைத்தான் ரெண்டு கோடி வரைக்குமான கடனுக்கு அரசு திருப்பிக் குடுத்தது, இந்த மார்ச் 23ல சுப்ரீம் கோர்ட்டு எந்தத் தொகை கடனா இருந்தாலும் வட்டிக்கு வட்டி கூடாதுன்னு சொல்லிருச்சு. ஆனா அந்த 10,500 உங்க தலை மேலதான் ஏறிச்சு. ஆறு மாசம் தள்ளிப் போனதோட, கடைசில இன்னும் நாலு தவணை கூட கட்டற மாதிரி ஆயிருக்கும், உங்க ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்க. போன வருஷம் நடந்தது தள்ளிவைப்பு, தள்ளுபடி இல்ல. டிவிக்காரங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க.

இப்ப என் யோசனை, பேங்க்ல கேக்கும்போது முழுசா நிறுத்தச் சொல்லாதீங்க. அசல மட்டும் ஆறு மாசம் நிறுத்தி வைங்க, வட்டிய மாசாமாசம் கட்டிடறேன்னு கேளுங்க. உங்களுக்கு இப்ப மாச வட்டி 1,650 பக்கம் வரும். அது முடிஞ்சா கடன் வளராது. அதுவும் முடியாதுன்னா முழுசா நிறுத்தக் கேளுங்க, குடும்பம் சாப்பிடறதுதான் முதல். சிபில்ல, அதாவது உங்க கடன் வரலாற்றுல, ரீஸ்ட்ரக்சர்டுன்னு பதிவாகும், அது உண்மை. ஆனா கணக்கு வாராக்கடனா போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பூக்கடை_மகன் | ஜூன் 17

சென்னை. அம்மா கோயில் வாசல்ல பூ கட்டி விக்கறாங்க, முப்பது வருஷமா அதே இடம். கோயில் மூடியிருக்கு, கல்யாணம் இல்ல, பூ யார் வாங்குவா. போன வருஷம் 10,000 ரூபா கடன் திட்டம் வந்துச்சே அது இன்னும் இருக்கா? கார்ப்பரேஷன் சர்வேல அம்மா பேர் இல்ல, அன்னைக்கு காய்ச்சல்னு வீட்ல இருந்தாங்க.

வாரியத்_தோழர் | ஜூன் 17

இருக்கு தம்பி. பிரதம மந்திரி ஸ்வநிதி, 2020 ஜூன் 1ல ஆரம்பிச்சது. மார்ச் 24, 2020க்கு முன்னாடியிலேர்ந்து தெருவுல வியாபாரம் பண்றவங்களுக்கு ஈடு இல்லாம 10,000, ஒரு வருஷத்துல மாசத்தவணையா கட்டணும், ஒழுங்கா கட்டினா வட்டில 7 சதவீதம் மானியமா அக்கவுண்டுக்கு வரும். கியூஆர் கோட்ல பணம் வாங்கினா மாசம் 100 ரூபா வரைக்கும் கேஷ்பேக். சீக்கிரம் முடிச்சா அபராதம் இல்ல, அடுத்து கூடுதலா தருவாங்க.

சர்வேல பேர் விட்டுப் போச்சுன்னா அதோட முடிஞ்சுதுன்னு விட்றாதீங்க. மாநகராட்சில பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், அதுக்கு திட்டத்துலயே வழி வச்சிருக்காங்க. வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, போன வருஷ ஊரடங்குல வியாபாரின்னு உதவித்தொகை வாங்கின ஆதாரம், இப்படி ஏதாவது காட்டி மண்டல அலுவலகத்துல எழுதிக் குடுங்க. அம்மா ஆதார்ல போன் நம்பர் சேந்திருக்கான்னு முதல்ல பாருங்க, பாதி பேர் அங்கதான் நிக்கறாங்க.

சலூன் வச்சிருக்கவருக்கும் ஒரு வார்த்தை. இந்தத் திட்டத்துல முடிதிருத்தறவங்களும் வராங்க, ஆனா மரத்தடியில, ரோட்டோரத்துல பண்றவங்களுக்கு. கட்டடத்துல வாடகைக்கு கடை வச்சிருந்தா வராது.

பூக்கடை_மகன் | ஜூன் 17

நன்றி தோழர். ஆனா மனசுல பட்டத சொல்றேன், வியாபாரமே இல்லாதப்ப கடன் வாங்கி என்ன பண்றது? அந்தப் பத்தாயிரத்துக்கு பூ வாங்கினா அழுகித்தான் போகும்.

வாரியத்_தோழர் | ஜூன் 17

சரியா கேட்டீங்க. கோயில் தொறந்தப்புறம் எடுங்க, இப்ப கடிதத்த மட்டும் வாங்கி வைங்க. ஆனா ஒண்ணு, இப்ப அம்மா தண்டல்காரர்கிட்ட பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐநூறுன்னு கழிச்சு வாங்கிட்டிருந்தா, அத அடைக்கறதுக்காவது இது உதவும். தண்டலோட வட்டிய வருஷக் கணக்குல போட்டுப் பாத்தா தலை சுத்தும்.

வரிகட்டுபவன் | ஜூன் 18

கொஞ்சம் கசப்பா இருக்கும், மன்னிச்சிருங்க. எல்லாரும் அரசு குடுக்கணும் அரசு குடுக்கணும்னு கேக்கறீங்க. மாநிலக் கடன் ஏற்கனவே எங்கயோ போயிட்டிருக்கு. நானும் சின்ன கம்பெனி நடத்தறேன், ஆறு பேருக்கு சம்பளம் குடுக்கறேன், எனக்கு யாரு குடுத்தா? சொந்தத் தொழில்னு இறங்கினா லாபமும் நம்மது நஷ்டமும் நம்மதுதானே? கையில ஆறு மாச சேமிப்பு வச்சுக்கணும்.

வாரியத்_தோழர் | ஜூன் 18

வியாபாரம் நடக்காம நஷ்டம் வந்தா அது அவங்க பாடு, ஒத்துக்கறேன். இங்க கடைய பூட்டச் சொன்னது அரசு. ஊர் உசுரோட இருக்கணும்னு இவங்கள பூட்டச் சொல்லியிருக்கோம். சம்பளக்காரங்க வீட்டுலேர்ந்து வேல பாத்தாங்க, பிஎஃப்லேர்ந்து கொரோனா அட்வான்ஸ் எடுத்தாங்க, இஎஸ்ஐ இருந்துச்சு. சலூன்காரருக்கு இதுல ஒண்ணும் கிடையாது. தெனம் 700, 800 வர்ற எடத்துல வாடகை, கரண்டு, ஸ்கூல் பீஸ் போக ஆறு மாச சேமிப்பு எங்கேர்ந்து வரும்? ஊருக்காக அவர் கடைய பூட்டினார், அந்தச் செலவ ஊரும் பங்கு போட்டுக்கணும்னுதான் கேக்கறோம்.

பழைய_மேனேஜர் | ஜூன் 18

வரிகட்டுபவன் அவர்களுக்கு, உங்க கோவத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா உங்களுக்கு யாரும் குடுக்கலன்னு சொல்லாதீங்க, அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் உங்க மாதிரி ஆளுக்குத்தான். 2020 மே மாசம் அறிவிச்சாங்க, மூணு லட்சம் கோடி. பிப்ரவரி 29, 2020ல இருந்த கடன் பாக்கில 20 சதவீதம் கூடுதலா, ஈடு இல்லாம, அரசு உத்தரவாதத்துல. வங்கின்னா வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. போன மாசம் கடைசில மறுபடி தளர்த்தியிருக்காங்க. உங்க வங்கில கேளுங்க.

முத்ரா கடனும் இதுல வரும், ஆனா ராசிபுரம் தம்பிக்கு மேல மேல கடன் ஏத்திக்க நான் சொல்ல மாட்டேன்.

வரிகட்டுபவன் | ஜூன் 18

அந்தத் திட்டத்துல போன வருஷமே வாங்கிட்டேன் சார். சேமிப்பு பத்தி நான் சொன்னது சலூன் அண்ணன சொல்லல. தோழர் சொன்னத யோசிச்சுப் பாக்கறேன்.

கட்டிங்_ரூம் | ஜூன் 18

நான் ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டர், கோயமுத்தூர். கல்யாண வீடியோதான் மெயின் வருமானம், அது மொத்தமா போச்சு. ரேசன் கார்டு சொந்த ஊர்ல அப்பா பேர்ல. தொழிலாளர் நலவாரியத்துல பதிவு கெடையாது, லோனும் கெடையாது அதனால ரீஸ்ட்ரக்சரிங்கும் இல்ல. எந்த லிஸ்ட்லயும் நான் இல்லங்க. எனக்கு ஏதாச்சும் இருக்கா?

கணக்கர்_கோவை | ஜூன் 18

கம்பெனிகளுக்கு வேல பண்ணி, பணம் குடுக்கும்போதே வரியா டிடிஎஸ் பிடிச்சிருக்காங்களா? பிடிச்சிருந்தா உங்க பணம் அங்க தூங்குது. 2020 மே 14லேர்ந்து இந்த மார்ச் வரைக்கும் 10க்கு பதிலா 7.5 சதவீதம்னு கொறச்சிருந்தாங்க, ஏப்ரல்லேர்ந்து மறுபடி பழையபடி 10. மொத்த வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தா ரிட்டர்ன் போட்டு முழுசா திருப்பி வாங்கலாம். கடைசி நாள செப்டம்பர் 30க்கு தள்ளியிருக்காங்க, ஆனா நீங்க காத்திருக்காதீங்க, புடிச்ச வரிக் கணக்கு காட்டற 26ஏஎஸ் படிவத்த எடுத்துப் பாத்துட்டு முடிஞ்ச சீக்கிரம் போடுங்க.

இன்னொண்ணு, வரி இல்லன்னாலும் வருஷாவருஷம் ரிட்டர்ன் போடுங்க. நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் உன் வருமானம் என்னனு கேட்டா காட்டறதுக்கு அந்தக் காகிதம்தான்.

வன்னித்தம்பி_லண்டன் | ஜூன் 19

நான் இஞ்ச லண்டன்ல மினிகாப் ஓடுறனான். கணக்கர் சொன்னது நூறு வீதம் சரி எண்டு சொல்லத்தான் எழுதுறன். போன வருசம் மார்ச்சில எல்லாம் பூட்டினவுடன விமானநிலைய ஓட்டம் அடியோட நிண்டுட்டுது. இஞ்ச சொந்தத் தொழில் செய்யிற ஆக்களுக்கெண்டு ஒரு கொடுப்பனவு கொண்டு வந்தவை. முந்தின வருசங்களில காட்டின லாபத்தின்ட சராசரியில 80 வீதம், மூண்டு மாசத்துக்குச் சேத்து ஆகக்கூடினது 7,500 பவுண். அது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை, ஆனா வருமானம் எண்டு காட்டி வரி கட்ட வேணும். இப்ப நாலாவது தரமும் தந்திட்டினம்.

வரித் திணைக்களமே கணக்குப் பாத்து காசை வங்கியில போட்டது. ஏனெண்டா எல்லாம் முந்தியே காட்டின கணக்கு. அதிலயும் அநியாயம் நடந்தது. கையில காசா வாங்கி, குறைச்சுக் காட்டின பெடியளுக்கு அந்தக் குறைஞ்ச கணக்கிலதான் 80 வீதம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொழில் தொடங்கினவைக்கு முதல் மூண்டு தரமும் ஒண்டும் இல்லை. 50,000 பவுணுக்கு மேல லாபம் காட்டினவைக்கும் இல்லை. என்ர கூட்டாளி ஒருத்தர் அந்தக் கொஞ்ச மாச வித்தியாசத்தில ஒரு சதமும் எடுக்கேல்லை, மனிசின்ர சம்பளத்தில இருந்தவை.

வாரியத்_தோழர் | ஜூன் 19

அருமையான தகவல் ஐயா. நான் இத்தன வருஷமா கத்திட்டிருக்கறது இதுக்குத்தான். கஷ்டம் வந்தப்புறம் யாரும் வீடு வீடா வந்து தேட மாட்டாங்க, ஏற்கனவே இருக்கற லிஸ்ட்ட எடுப்பாங்க, அதுல பேர் இருந்தா பணம். 2020 ஊரடங்குல தமிழ்நாட்டுல ரேசன் கார்டுக்கு 1,000, அது பெரும்பாலானவங்களுக்கு வந்துது. அதுக்கு மேல கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ டிரைவர்னு தனியா குடுத்தப்ப நலவாரியத்துல பதிவானவங்களுக்குத்தான் வந்துது. முடிதிருத்தறவங்களுக்கு ரெண்டு தவணையா 2,000 வந்துது. ஒரே ஸ்டாண்டுல நிக்கற ரெண்டு ஆட்டோக்காரர்ல ஒருத்தருக்கு வந்துது, ஒருத்தருக்கு வரல, நான் கண்ணால பாத்தேன்.

இந்த நலவாரியங்களுக்கு அடிப்படை 1982லயே வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். தையல், சலவை, சமையல், முடிதிருத்தல், வீட்டு வேலை, சாலையோர வியாபாரம், ஓவியம், பொற்கொல்லர்னு தனித்தனி வாரியம் இருக்கு. 18லேர்ந்து 60 வயசு வரைக்கும் சேரலாம், காசு கிடையாது. யாராவது ஐநூறு ஆயிரம்னு கேட்டா குடுக்காதீங்க. மாவட்டத் தலைநகர்ல தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்னு ஆபீஸ் இருக்கும், இப்ப ஆன்லைன்லயும் பதியலாம். புள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, 60க்கு மேல பென்ஷனுக்கு எல்லாம் அதுதான் ஆதாரம். அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும், அந்தத் தேதிய எங்கயாவது எழுதி வைங்க.

எடிட்டர் தம்பி, உங்க தொழிலுக்கு நேரா ஒரு வாரியம் இல்லாம இருக்கலாம், ஆனா ரேசன் கார்ட முதல்ல சரி பண்ணுங்க. கல்யாணமாகி தனியா இருக்கீங்கன்னா தனி கார்டுக்கு எழுதிப் போடுங்க.

செவிலியர்_அக்கா | ஜூன் 19

எல்லாரும் கடன் பத்தியே பேசறீங்க, வைத்தியச் செலவு பத்தி நான் சொல்றேன். ஒரு குடும்பத்த ஒரே வாரத்துல கவுக்கறது ஆஸ்பத்திரி பில்லுதான், தெனமும் பாக்கறேன். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா தனியார் மருத்துவமனையில கொரோனாவுக்கு சேந்தாலும் செலவ அரசே ஏத்துக்கும்னு புது அரசு வந்த அன்னைக்கே கையெழுத்தாயிருக்கு. சேக்கும்போதே அட்டைய காட்டுங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு தேடாதீங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். எங்க தெருவுல ஒரு பிளம்பர் போன மாசம் தவறிட்டார், நாப்பத்தி ஒண்ணு வயசு, ரெண்டு பொண்ணுங்க. அவர் சம்சாரம் பாஸ்புக்க எடுத்துட்டு வந்து எவ்ளோ இருக்குன்னு பாத்து சொல்லுங்கக்கான்னு குடுத்தாங்க. பேலன்ஸ் ஆயிரத்து சொச்சம். ஆனா அதுக்கு மேல ஒரு வரி, 330 ரூபா கழிச்சிருக்கு. அவங்களுக்கு அது என்னனே தெரியல, பேங்க்காரங்க ஏதோ புடிச்சுட்டாங்கன்னு நெனச்சிருக்காங்க. அது ஜீவன் ஜோதி காப்பீடு, ரெண்டு லட்சம், கொரோனால இறந்தாலும் உண்டு. இறப்புச் சான்றிதழ் வாங்கி பேங்க்ல கிளைம் பாரம் குடுத்திருக்கோம். உங்க வீட்டுல, சொந்தத்துல யாராச்சும் தவறியிருந்தா பாஸ்புக்ல அந்த 330 இருக்கான்னு தயவுசெஞ்சு பாருங்க. 12 ரூபா புடிக்கறது வேற, அது விபத்துக்கு மட்டும், கொரோனாவுக்கு வராது.

பூக்கடை_மகன் | ஜூன் 19

அக்கா இத வாட்ஸப் குரூப்ல போடறேன். எங்க மார்க்கெட்லயே நாலஞ்சு பேர் போயிருக்காங்க.

சலூன்கடை_ராசிபுரம் | ஜூன் 21

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு பேங்க்குக்கு போனேன். முதல்ல அதெல்லாம் கிடையாதுன்னாங்க. மே 5 சுற்றறிக்கைன்னு சொன்னதும் உள்ள கூப்ட்டு உக்கார வச்சாங்க. அசல் மட்டும் ஆறு மாசம் நிறுத்தி, வட்டி மாசாமாசம் கட்டறேன்னு எழுதிக் குடுத்தேன், சீல் போட்ட காப்பி வாங்கிட்டேன்.

இப்ப தலைவலி அந்தக் குழு லோன்தாங்க. பேங்க்காவது பேசறாங்க. இவங்க ஆளு நேத்து காலைல ஏழு மணிக்கே வந்து வாசல்ல உக்காந்துட்டார், கூடவே குழுவுல இருக்கற மத்த பொம்பளைங்களையும் கூட்டிட்டு வந்துட்டார், நீ கட்டலன்னா அவங்க கட்டணும்னு. அவங்களும் எங்கள மாதிரிதான், ஒருத்தர் வீட்டுலயும் வருமானம் இல்ல. தறி ஓட்டற அக்கா ஒருத்தங்க எங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதாங்க, என் பங்க நானே கட்ட முடியல உன் பங்குக்கு எங்க போவேன்னு. வீட்டம்மா ரெண்டு நாளா வெளிய வர்றதில்ல. தோட்டை அடகு வச்சு கட்டிரலாமான்னு யோசிக்கறோம்.

பழைய_மேனேஜர் | ஜூன் 21

தம்பி, அடகுக்கு அவசரப்படாதீங்க. குழுக் கடன் குடுக்கற கம்பெனி மைக்ரோ பைனான்ஸ் என்பிஎஃப்சின்னா ரிசர்வ் வங்கி விதி அவங்களுக்கும் உண்டு. வசூல் பண்றதுக்கு பொதுவா ஒரு இடம் வச்சிருக்கணும், அங்கதான் வசூலிக்கணும். தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ அங்க வராதவங்க வீட்டுக்குத்தான் போகலாம். மிரட்டறது, அசிங்கப்படுத்தறது எதுவும் கூடாது. வர்ற ஆளோட பேர், தேதி, நேரம், என்ன பேசினார்னு எழுதி வைங்க, கம்பெனி குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்க, பாஸ்புக்லயே அவங்க நம்பர் இருக்கும். பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கிக்கு புகார் போகலாம். அதே ரீஸ்ட்ரக்சரிங் அவங்ககிட்டயும் கேளுங்க, குழுவா சேந்து எல்லா பெண்களும் ஒரே கடிதத்துல கையெழுத்து போட்டு குடுத்தா இன்னும் பலம்.

நகை வைக்கறதுன்னே முடிவானா கூட்டுறவு வங்கியிலயோ பொதுத்துறை வங்கியிலயோ வைங்க. போன வருஷம் நகை மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் வங்கில குடுத்தாங்க, அது மார்ச்சோட முடிஞ்சு இப்ப பழையபடி 75. அஞ்சு பவுன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு தேர்தல்ல சொன்னத நம்பி புதுசா வைக்காதீங்க, அரசாணை வந்தா எந்தத் தேதி வரைக்கும் இருந்த கடனுக்குன்னு போடுவாங்க, இனி வைக்கறதுக்கு கிடைக்கும்னு சொல்ல முடியாது.

வாரியத்_தோழர் | ஜூன் 21

கந்துவட்டிக்கு மட்டும் போயிராதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்கறேன். 2003லேர்ந்து தமிழ்நாட்டுல அதுக்கு எதிரா சட்டமே இருக்கு, ஆனாலும் ஒருதரம் மாட்டினா வெளிய வர ரொம்பக் கஷ்டம். கடிதம் எழுத உதவி வேணும்னா இங்கயே போடுங்க, நான் மாதிரி எழுதித் தரேன். தறி அக்காகிட்டயும் சொல்லுங்க, அவங்களுக்கும் சேத்து எழுதிடலாம்.

சலூன்கடை_ராசிபுரம் | ஜூன் 23

தோழர் எழுதிக் குடுத்த கடிதத்த குழுவுல அத்தன பேரும் கையெழுத்து போட்டு நேத்து ஆபீஸ்ல குடுத்துட்டாங்க. தறி அக்காதான் முன்னால போனாங்க. சீல் போட மாட்டேன்னு இழுத்தாங்களாம், வாங்காம போக மாட்டோம்னு அங்கயே உக்காந்துட்டாங்களாம், கடைசில போட்டுக் குடுத்தாங்க. இன்னைக்கு காலைல வசூல் ஆளு வரல. தோட்டை அடகு வைக்கல. பேங்க்லேர்ந்து இன்னும் பதில் இல்ல, 30 நாள் கணக்கு போட்டு வச்சிருக்கேன்.

மாட்டுத்தாவணி_ஆட்டோ | ஜூன் 23

அண்ணே அந்தக் கடிதத்த இங்க போட முடியுமா, வண்டி பைனான்ஸுக்கு மாத்தி எழுதிக்கறேன்.

வாரியத்_தோழர் | ஜூன் 23

ராத்திரி போடறேன். கடன் நம்பர், கடைசியா கட்டின தேதி, மார்ச் 31ல பாக்கி எத்தன தவணைன்னு மூணையும் ரெடியா வச்சிருங்க. வாரியத்துல பதிஞ்சாச்சா இல்லையான்னும் சொல்லுங்க, லைசென்ஸ் நகலோட அதையும் சேத்து முடிச்சிரலாம்.